கிட் அப்டேட்டுக்குப் பிறகு கோளாறா? அறிகுறியிலிருந்து பழுதான கமிட் வரை

அப்டேட் ஆனதும் கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிவு செய்து காக்கும் கருவி) மக்கர் பண்ணினால், "புது வெர்ஷனில் பக்" என்று பழியைப் போட்டுவிட்டுப் பழையதற்குத் திரும்புவதுதான் பலரும் செய்வது. பல சமயம் பழி தவறான இடத்தில் விழுகிறது. மாறியது கிட் பைனரியாக (ஓடும் நிரல் கோப்பு) இருக்கலாம். அதன் கூடவே அப்டேட் ஆன, நெட்வொர்க்குக்கும் குறியாக்கத்துக்கும் கிட் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எச், லிப்கர்ல், ஓபன்எஸ்எஸ்எல் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இன்ஸ்டாலர் கைவைத்த கான்ஃபிக்காக (அமைப்புக் கோப்பு) இருக்கலாம். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே இறுக்கப்பட்ட விதியாகவும் இருக்கலாம். ரிக்ரெஷன் (முன்பு ஓடியது புது வெர்ஷனில் உடைவது) என்று சொல்ல ஒரே அளவுகோல்தான்: அதே ரெப்போ (கிட் வரலாற்றோடு உள்ள அடைவு), அதே கான்ஃபிக், அதே கட்டளை பழைய பைனரியில் ஓட வேண்டும், புதியதில் ஓடக் கூடாது. இதைக் காட்டும்வரை அது சந்தேகம் மட்டுமே.

கட்டளைகளும் பிழைச் செய்திகளும் இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடிக்கவும். "கிட்_ட்ரேஸ்" போல அடிக்கோட்டுடன் வரும் சூழல் மாறிகள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

ஓடுவது எந்த கிட்? "டைப் -ஏ கிட்" என்று கேளுங்கள். மேக்கில் ஆப்பிளின் கிட் ஒன்றும் ஹோம்ப்ரூ கிட் ஒன்றும் சேர்ந்தே இருப்பது சகஜம். அப்டேட்டுக்குப் பிறகும் ஷெல் பழைய பாதையையே நினைவில் வைத்திருந்தால் "ஹாஷ் -ஆர்" கொடுங்கள். எடிட்டர்களும் வரைகலைக் கருவிகளும் தங்களுக்கென்று தனி கிட்டைச் சுமந்து வருகின்றன. சில, கிட்டையே தொடாமல் லிப்கிட்2 அல்லது ஜேகிட் என்ற தனி நூலகங்கள் வழியாக ரெப்போவைப் படிக்கின்றன. ஆகவே டெர்மினலில் வரும் பிழையும் எடிட்டரில் வரும் பிழையும் ஒரே பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "கிட் வெர்ஷன் --பில்ட்-ஆப்ஷன்ஸ்" தரும் முழு வெளியீட்டையும் குறித்து வையுங்கள்.

வெர்ஷன் எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. லினக்ஸ் விநியோகங்கள் எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்பில் ஒட்டித் தருவதுண்டு. உபுண்டு 20.04-இல் கிட் 2.25.1 என்றே காட்டும். ஆனால் 2022-இல் வந்த உரிமையாளர் சோதனை அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பேக்கேஜ் மேலாளர் காட்டும் முழு எண்ணையும், அதன் வால் பகுதியோடு, பாருங்கள்.

ரெப்போவை நகலெடுங்கள், குளோன் செய்யாதீர்கள். "சிபி -ஏ" மூலம் அடைவை அப்படியே நகலெடுங்கள். குளோன் செய்தால் இண்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்கான கோப்புப் பட்டியல்), ரெப்போவின் கான்ஃபிக், ஹுக்குகள் (கிட் தானாக இயக்கும் ஸ்கிரிப்டுகள்), ரெஃப்லாக் (கிளைகள் நகர்ந்த பதிவு) எல்லாம் கழன்றுவிடும். கோளாறு அவற்றில் ஏதாவது ஒன்றில் இருந்தால் குளோனில் எல்லாம் சரியாக ஓடும், நீங்கள் குழம்புவீர்கள். இன்னொரு காரணமும் உண்டு: புதிய கிட் இண்டெக்ஸையோ கமிட்-கிராஃபையோ (கமிட்கள், அதாவது பதிவான மாற்றங்கள், இவற்றின் உறவுகளை வைக்கும் கோப்பு) ஒருமுறை எழுதிவிட்டால், அதே அடைவில் பழைய கிட்டை ஓட்டுவது சரியான ஒப்பீடு ஆகாது. பழைய பைனரிக்கு ஒரு நகல், புதியதற்கு ஒரு நகல்.

கான்ஃபிக்கைக் கழற்றிப் பாருங்கள். "கிட்_கான்ஃபிக்_நோசிஸ்டம்=1", "கிட்_கான்ஃபிக்_குளோபல்=/டெவ்/நல்" இரண்டையும் வைத்து அதே கட்டளையை ஓட்டுங்கள். இரண்டாவது மாறி 2.32 முதல்தான் வேலை செய்யும். அதற்கு முந்தைய பைனரியோடு ஒப்பிடும்போது "ஹோம்" மாறியை வெற்று அடைவுக்குத் திருப்புங்கள். இப்போது பிழை மறைந்தால் குற்றவாளி கான்ஃபிக்கில் இருக்கிறது. "கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின் --ஷோ-ஸ்கோப்" ஒவ்வொரு வரியும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று காட்டும்.

## "டிடெக்டட் டூபியஸ் ஓனர்ஷிப்" என்று நின்றுவிடுகிறது

இது பக் இல்லை. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 முதல், ரெப்போ அடைவின் உரிமையாளரும் கிட்டை ஓட்டுபவரும் ஒருவராக இல்லாவிட்டால் கிட் வேலை செய்ய மறுக்கும். வேறொருவர் வைத்துவிட்டுப் போன ".கிட்" அடைவின் கான்ஃபிக் வழியாக உங்கள் பெயரில் கட்டளை ஓடிவிடும் அபாயத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே ஆண்டு ஜூலையில் 2.37.1 இந்தச் சோதனையை இன்னும் விரித்தது.

சரியான தீர்வு உரிமையாளரைச் சரிசெய்வது, அதாவது "சௌன் -ஆர்" (ஆர் பெரிய எழுத்து). கன்டெய்னரில் ஏற்றிய அடைவு போல அது முடியாத இடங்களில் "கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி /முழுப்/பாதை" கொடுங்கள். இதில் அடிக்கடி சறுக்கும் இடங்கள்:

- ரெப்போவின் சொந்த கான்ஃபிக்கில் எழுதினால் கிட் கண்டுகொள்ளாது. கண்டுகொண்டால் தாக்குபவர் தனக்குத் தானே அனுமதி எழுதிக்கொள்வாரே.
- சிஐ-யில் (தானாக பில்ட், டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) ஒரு படி ஒரு "ஹோம்" அடைவில் எழுதும், அடுத்த படி வேறு பயனராக வேறு "ஹோம்"-உடன் ஓடும். வரி எழுதப்பட்டிருக்கும், படிக்கத்தான் ஆள் இருக்காது. அங்கே "--சிஸ்டம்" மட்டத்தில் எழுதுங்கள்.
- அடைவுக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து "/பாதை/*" என்று எழுதுவது 2.46 முதல்தான் செல்லும். அதற்கு முன் ஒவ்வொரு ரெப்போவுக்கும் தனி வரி, அல்லது வெறும் "*". பிந்தையது சோதனையை முழுக்க அணைத்துவிடும். ஓடி முடிந்ததும் அழியும் கன்டெய்னருக்குச் சரி, பலர் புழங்கும் சர்வருக்குக் கூடாது.

இந்தப் பிழை முகத்தை மறைத்துக்கொண்டும் வரும். பில்ட் வெற்றி பெறும், ஆனால் வெர்ஷன் எண் காலியாக இருக்கும்: ஸ்கிரிப்ட் உள்ளே "கிட் டிஸ்கிரைப்" தோற்று, அதன் பிழை வெளியீடு /டெவ்/நல்-க்குப் போயிருக்கும். கோ 1.18 முதல் வரும் "எரர் அப்டெய்னிங் விசிஎஸ் ஸ்டேட்டஸ்: எக்ஸிட் ஸ்டேட்டஸ் 128" என்பதும் பெரும்பாலும் இதுவே. 128 என்பது கிட் "ஃபேட்டல்" சொல்லிச் சாகும்போது தரும் எண். அதை எங்கே கண்டாலும், அதே பயனராக அதே அடைவில் நின்று "கிட் ஸ்டேட்டஸ்" ஓட்டிப் பாருங்கள். செய்தி முழுதாகத் தெரியும்.

## சப்மாட்யூல் அப்டேட்டில் "டிரான்ஸ்போர்ட் 'ஃபைல்' நாட் அலவ்டு"

2022 அக்டோபரில் வந்த 2.38.1-இன் வேலை. உள்ளூர்ப் பாதையைச் சுட்டும் சப்மாட்யூலை (ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போ) தானாக இழுப்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் சொந்த டெஸ்ட் ரெப்போக்கள்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் "கிட் -சி புரோட்டோகால்.ஃபைல்.அலவ்=ஆல்வேஸ் சப்மாட்யூல் அப்டேட்" கொடுங்கள். குளோபலில் எழுதி வைக்க வேண்டாம்.

## குளோன் முடியும் தறுவாயில் ஹுக்கைக் காட்டி நிற்கிறது

"ஆக்டிவ் போஸ்ட்-செக்அவுட் ஹுக் ஃபவுண்ட் டியூரிங் கிட் குளோன்" என்று வந்தால் உங்களிடம் இருப்பது 2024 மே மாதம் வந்த 2.45.1 அல்லது அதே நேரத்தில் பழைய வரிசைகளுக்கு வந்த அதன் கூட்டாளிகளில் ஒன்று. இது நிஜமான ரிக்ரெஷன். குளோன் ஓடும்போது ஹுக் முளைத்தால் தடுப்பது என்று சேர்த்த காப்பு, நியாயமாக ஹுக் வைக்கும் கிட் எல்எஃப்எஸ்-ஐயும் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் துணைக் கருவி) தடுத்துவிட்டது. 2.45.2-இல் அதை விலக்கிக்கொண்டார்கள். மருந்து, முன்னோக்கி 2.45.2-க்குப் போவது. பின்னோக்கி 2.45.0-க்குப் போனால் 2.45.1 மூடிய பாதுகாப்பு ஓட்டைகளைத் திரும்பத் திறந்துவிடுவீர்கள்.

## "பர்மிஷன் டினைடு (பப்ளிக்கீ)", நேற்று வரை அதே சாவிதான்

"கிட்_எஸ்எஸ்எச்_கமாண்ட்="எஸ்எஸ்எச் -விவிவி"" வைத்து ஃபெட்ச் ஓட்டுங்கள். "நோ மியூச்சுவல் சிக்னேச்சர் அல்காரிதம்" என்ற வரி கண்ணில் பட்டால் கிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக அணைத்துவிட்டது. விண்டோஸுக்கான கிட் தன் ஓபன்எஸ்எஸ்எச்சைக் கூடவே கொண்டுவருவதால், கிட்டை அப்டேட் செய்ததாக நினைத்தவர் எஸ்எஸ்எச்சையும் சேர்த்தே அப்டேட் செய்திருப்பார்.

ஆர்எஸ்ஏ சாவி கெட்டுப்போகவில்லை. அதே சாவியால் ஷா-2 கையொப்பம் போடலாம். மறுமுனை சர்வர் பழசு, அதற்கு ஷா-1 தவிர வேறு தெரியவில்லை, அவ்வளவுதான். சர்வரை அப்டேட் செய்வதே வழி. அதுவரை எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் அந்த ஒரு ஹோஸ்ட்டுக்கு மட்டும் "பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் +எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ", "ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ் +எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ" என்று இரண்டு வரி. "ஹோஸ்ட் *" கீழே எழுதினால் எல்லா சர்வருக்கும் கதவைத் திறந்ததாகும்.

எச்டிடிபிஎஸ் பக்கம், "'கிரெடென்ஷியல்-மேனேஜர்-கோர்' இஸ் நாட் எ கிட் கமாண்ட்" என்று வந்தால் அந்த உதவிக் கருவியின் பெயர் மாறிவிட்டது, பழைய பெயர் உங்கள் குளோபல் கான்ஃபிக்கில் மிச்சம் இருக்கிறது. "கிரெடென்ஷியல்.ஹெல்பர்" மதிப்பை "மேனேஜர்" என்று மாற்றினால் தீர்ந்தது.

## ஃபெட்ச் அல்லது புஷ் நடுவழியில் அறுகிறது

"ஆர்பிசி ஃபெயில்டு, கர்ல் 92 எச்டிடிபி/2 ஸ்ட்ரீம்" வகைச் செய்திக்கு "எச்டிடிபி.போஸ்ட்பஃபர்" மதிப்பை 500 எம்பி ஆக்கு என்ற மருந்துச் சீட்டு எங்கும் கிடைக்கும். அது புஷ் அனுப்பும் தரவை எவ்வளவு சேர்த்து வைத்து ஒரே மூச்சில் அனுப்புவது என்பதற்கான அளவு (இயல்பாக 1 எம்ஐபி). ஃபெட்ச் அறுவதற்கு அது ஒன்றும் செய்யாது, நினைவகத்தைத்தான் தின்னும். முதலில் இவற்றைத் தனித்தனியாகச் சோதியுங்கள்:

1. "கிட் -சி எச்டிடிபி.வெர்ஷன்=எச்டிடிபி/1.1 ஃபெட்ச்". இதில் ஓடினால் சந்தேகம் லிப்கர்ல் மீதும் இடையில் உள்ள பிராக்ஸி மீதும்.
2. "கிட் -சி புரோட்டோகால்.வெர்ஷன்=0 ஃபெட்ச்". இதில் ஓடினால் கிட்டின் வயர் புரோட்டோகால் (சர்வரோடு பேசும் முறை) பக்கம்; "கிட்_ட்ரேஸ்_பாக்கெட்=1" வைத்து இரண்டு ஓட்டத்தையும் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.
3. எஸ்எஸ்எச் வழியில் அதே ஃபெட்ச். ஓடினால் பேக் தரவு (சுருக்கிக் கட்டிய ரெப்போ தரவு) நலம், பிரச்சினை எச்டிடிபி அடுக்கில்.

"கிட்_ட்ரேஸ்_கர்ல்=1" பதிவு அங்கீகாரத் தலைப்பை மறைத்தே எழுதும். யூஆர்எல்லில் யாராவது டோக்கனை நேராகப் பதித்திருந்தால் அந்தக் காப்பை நம்ப முடியாது. பகிரும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

## புல், மெர்ஜ், ரீபேஸ் முடிவு முன்போல் இல்லை

புல் "நீட் டு ஸ்பெசிஃபை ஹவ் டு ரீகன்சைல் டைவர்ஜென்ட் பிராஞ்சஸ்" என்று நின்றால், 2.27-இல் எச்சரிக்கையாக வந்தது 2.33-இல் பிழையாக முற்றியிருக்கிறது. "புல்.ரீபேஸ்" அல்லது "புல்.எஃப்எஃப்" என்று ஒன்றை முடிவு செய்து எழுதுங்கள். ஸ்கிரிப்டுகளில் கான்ஃபிக்கை நம்பாமல் "--எஃப்எஃப்-ஒன்லி" போன்ற விருப்பத்தைக் கட்டளையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

மெர்ஜ் வேறு முடிவு தந்தால் முதல் கேள்வி: இடையில் எந்த இயல்புநிலை மாறியது? ரீபேஸ் (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் திரும்ப அடுக்குவது) 2.26-இல் "அப்ளை" பின்தளத்திலிருந்து "மெர்ஜ்" பின்தளத்துக்கு மாறியது. "--அப்ளை" கொடுத்துப் பழையதோடு ஒப்பிடலாம். மெர்ஜ் உத்தி 2.34-இல் "ரிகர்சிவ்"-இலிருந்து "ஆர்ட்"-க்கு (எழுத்துகள் ஓ, ஆர், டி) மாறியது. 2.34-லும் அதை ஒட்டி வந்த பதிப்புகளிலும் "-எஸ் ரிகர்சிவ்" என்று கேட்டு ஒப்பிட முடியும். மிகப் புதிய பதிப்புகளில் அந்தப் பெயரைக் கொடுத்தாலும் ஓடுவது ஆர்ட்தான். எதை ஒப்பிட்டாலும் "-சி ரீரீரீ.எனேபிள்டு=ஃபால்ஸ்" சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எப்போதோ நீங்கள் தீர்த்த மோதலின் விடையை ரீரீரீ சத்தமில்லாமல் போட்டு முடிவைக் கலைத்துவிடும்.

2.38 முதல் "கிட் மெர்ஜ்-ட்ரீ --ரைட்-ட்ரீ ஏ பி" என்பது வேலை அடைவைத் தொடாமலே மெர்ஜ் செய்து, விளைந்த ட்ரீயின் ஹாஷை அச்சிடும். மோதல் இல்லையென்றால் 0, இருந்தால் 1. இரண்டு பதிப்புகளின் மெர்ஜ் முடிவை ஒரே வரியில் ஒப்பிட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

## ஸ்டேட்டஸ் ஆமை வேகம், அல்லது பொய் சொல்கிறது

"கிட்_ட்ரேஸ்2_பெர்ஃப்=1 கிட் ஸ்டேட்டஸ்" நேரம் எங்கே கரைகிறது என்று பகுதி பகுதியாகக் காட்டும். பிறகு ஒவ்வொரு விசையாக அணைத்துப் பாருங்கள்: "-சி கோர்.எஃப்எஸ்மானிட்டர்=ஃபால்ஸ்", "-சி கோர்.அன்ட்ராக்டுகேஷ்=ஃபால்ஸ்", "-சி கோர்.ஸ்பிளிட்இண்டெக்ஸ்=ஃபால்ஸ்". லாக் அல்லது மெர்ஜ்-பேஸ் மந்தமாக இருந்தால் "-சி கோர்.கமிட்கிராஃப்=ஃபால்ஸ்". நகலில் மட்டும் செய்யுங்கள்; இவற்றில் சில இண்டெக்ஸைத் திருத்தி எழுதும்.

திருத்திய கோப்பு ஸ்டேட்டஸில் வரவே இல்லை என்றால், பின்னணியில் ஓடிக் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் எஃப்எஸ்மானிட்டர் டீமனைப் பிடியுங்கள். 2.37-இல் விண்டோஸுக்கும் மேக்குக்கும் உள்ளமைந்து வந்த டீமன் இது. கிட்டை அப்டேட் செய்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டீமன் பழைய பைனரியிலேயே ஓடும். "கிட் எஃப்எஸ்மானிட்டர்--டீமன் ஸ்டாப்" கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எதையும் தொடாமலே எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டினால் "கிட் டிஃப்" பாருங்கள். "ஓல்டு மோட் 100644, நியூ மோட் 100755" என்றால் கோப்பு அனுமதி விவகாரம், "கோர்.ஃபைல்மோட்" பார்க்க வேண்டும். முழுக் கோப்பும் அழிந்து முழுக் கோப்பும் சேர்ந்தது போலிருந்தால் வரி முடிவு, இன்ஸ்டாலரில் "கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்" தேர்வு மாறியிருக்கும். "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்" இண்டெக்ஸில் உள்ளதையும் டிஸ்கில் உள்ளதையும் பக்கம் பக்கமாகக் காட்டும்.

## கிட் ஓடுகிறது, வேறு கருவி "இண்டெக்ஸ் செக்சம்" என்று அழுகிறது

"ஃபீச்சர்.மெனிஃபைல்ஸ்" போட்டிருக்கிறீர்களா? 2.40 முதல் அது "இண்டெக்ஸ்.ஸ்கிப்ஹாஷ்"-ஐயும் சேர்த்தே இயக்கும், இண்டெக்ஸின் கடைசியில் ஹாஷுக்குப் பதில் சுழியங்கள் எழுதப்படும். 2.13-க்கு முந்தைய கிட் இதைப் படிக்கவே மறுக்கும், 2.40-க்கு முந்தையது எஃப்எஸ்சிகே-யின்போது (ரெப்போ சோதனை) கெட்டுவிட்டது என்று சொல்லும். இந்த மாற்றத்தை அறியாத மற்ற கருவிகளும் இப்படியே தடுமாறும். "இண்டெக்ஸ்.ஸ்கிப்ஹாஷ்=ஃபால்ஸ்" வைத்து, இண்டெக்ஸ் ஒருமுறை திரும்ப எழுதப்படும்படி ஏதாவது ஒரு கோப்பை மாற்றி ஆட் செய்யுங்கள்.

## மேலே உள்ள எதுவும் இல்லை: பைசெக்ட்

இங்கே வந்துவிட்டால் கிட்டின் சோர்ஸிலேயே இறங்க வேண்டியதுதான். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் கமிட்கள் இருந்தாலும் பைசெக்ட் ஒவ்வொரு படியிலும் பாதியைத் தள்ளிவிடும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 படிதான். உழைப்பு முழுவதும் சோதனை ஸ்கிரிப்டில் இருக்கிறது.

நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2.36-இல் ஹுக்குகளை இயக்கும் முறையை மாற்றினார்கள். அதன் பிறகு ஹுக்கின் வெளியீடு நேராக டெர்மினலோடு இணையவில்லை. வெளியில் தெரிந்த அறிகுறி அற்பமானது: பிரீ-கமிட் ஹுக்கில் ஓடும் லின்டரின் (குறிமுறையில் பிழை பார்க்கும் கருவி) வண்ணங்கள் காணாமல் போயின. வெளியே போவது டெர்மினலா என்று லின்டர் பார்க்கிறது, இல்லை என்றதும் வண்ணத்தை விடுகிறது. பிறகு இதைச் சரிசெய்தார்கள். இதைப் பிடிக்க ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

முதலில் அறிகுறியைச் சுருக்க வேண்டும். லின்டர் வேண்டாம், வண்ணம் வேண்டாம். ஒரு வெற்று ரெப்போவில் பிரீ-கமிட் ஹுக்காக ஒரே வரி: "டெஸ்ட் -டி 1". வெளியீடு டெர்மினல் என்றால் ஹுக் வெற்றி, கமிட் நடக்கும். இல்லையென்றால் கமிட் 1 என்ற எண்ணோடு தோற்கும். கோப்பு இயங்கும் அனுமதியோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிட் ஹுக்கைத் தாண்டிப் போய்விடும், எல்லாப் பதிப்பும் "நல்லது" ஆகிவிடும்.

ஸ்கிரிப்டை சோர்ஸ் அடைவுக்கு வெளியே வையுங்கள், பைசெக்ட் செக்அவுட் செய்யும்போது அதோடு மோதாமல் இருக்கும். வரிசையாக நான்கு வேலை:

1. "மேக் -ஜே8 நோ_கெட்டெக்ஸ்ட்=1 நோ_டிசிஎல்டிகே=1 || எக்ஸிட் 125". பில்ட் உடைந்தால் 125. இந்தக் கமிட்டைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது, தாண்டு என்று பொருள். இங்கே 1 கொடுத்தால் பில்ட் உடைந்த கமிட் எல்லாம் குற்றவாளி ஆகிவிடும்.
2. சோதனை ரெப்போவுக்குள் "சிடி".
3. "ஸ்கிரிப்ட் -க்யூஇசி "/பாதை/பின்-ராப்பர்ஸ்/கிட் கமிட் --அலவ்-எம்ப்டி -எம் எக்ஸ்" /டெவ்/நல்". லினக்ஸின் "ஸ்கிரிப்ட்" கட்டளை ஒரு போலி டெர்மினலை உருவாக்கி அதற்குள் ஓட்டும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி ஓட்டினால் பழைய கிட்டிலும் டெர்மினல் இருக்காது, எல்லாமே "கெட்டது" ஆகிவிடும். "-இ" இருந்தால்தான் உள்ளே ஓடிய கட்டளையின் வெளியேற்ற எண் வெளியே வரும்.
4. அந்த எண் 0 என்றால் 0, 1 என்றால் 1, வேறு எதுவானாலும் 125. பெயரும் மின்னஞ்சலும் அமைக்காத ரெப்போவில் கமிட் 128 தந்து சாகும்; அது நாம் தேடும் பழுது அல்ல. பைசெக்ட் ரன்னுக்கு 1 முதல் 127 வரை (125 நீங்கலாக) "கெட்டது", 128-உம் அதற்கு மேலும் வந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

மூன்றாவது படியில் "பின்-ராப்பர்ஸ்" அடைவில் உள்ள கிட்டைத்தான் ஓட்ட வேண்டும். சோர்ஸின் வேரில் இருக்கும் "./கிட்" பைனரியை நேராக ஓட்டினால், தனி நிரலாக இருக்கும் துணைக் கட்டளைகளை அது நிறுவப்பட்ட அடைவில் தேடும். பாதி புதுசும் பாதி பழசுமாக ஓடி முடிவு அர்த்தமில்லாததாகிவிடும். ராப்பர் "கிட்_எக்ஸெக்_பாத்" மாறியைச் சரியாக அமைத்துவிட்டு ஓட்டும். பைசெக்டை நடத்தும் கிட் மட்டும் உங்கள் கணினியில் நிறுவிய நம்பகமான ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு, பலரும் தாண்டிவிடும் படி: இரண்டு முனையிலும் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டுங்கள். வி2.35.0-இல் 0, வி2.36.0-இல் 1 வர வேண்டும். வராவிட்டால் பைசெக்ட் ஓட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். வந்தால்:

"கிட் பைசெக்ட் ஸ்டார்ட் வி2.36.0 வி2.35.0" (முதலில் கெட்டது, பிறகு நல்லது)
"கிட் பைசெக்ட் ரன் /பாதை/சோதனை.எஸ்எச்"

முடிந்ததும் "கிட் பைசெக்ட் லாக்" வெளியீட்டைக் கோப்பில் சேமித்துவிட்டு "கிட் பைசெக்ட் ரீசெட்" கொடுங்கள். நடுவில் ஒரு தீர்ப்பு தவறு என்று தெரிந்தால், லாக் கோப்பில் அந்த வரியை வெட்டிவிட்டு "பைசெக்ட் ரீப்ளே" செய்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது என்ற வகைப் பழுதுக்கு ஒரு படியில் சோதனையைப் பலமுறை சுற்றி ஓட்டி, ஒருமுறை தோற்றாலும் "கெட்டது" என்று வையுங்கள். ஒரே ஒரு தவறான "நல்லது" போதும், பைசெக்ட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சம்பந்தமில்லாத கமிட்டைக் கைகாட்டும். வேகக் குறைவுக்கு இரண்டு முனைகளின் நேரத்துக்கும் நடுவில் எல்லையை வைத்து, பல ஓட்டங்களில் மிகக் குறைந்த நேரத்தை எடுங்கள். சராசரி, பின்னணியில் ஓடும் வேறு வேலைகளால் ஆடும். "ஸ்டார்ட்" கட்டளையில் "--டெர்ம்-ஓல்டு=ஃபாஸ்ட் --டெர்ம்-நியூ=ஸ்லோ" சேர்த்தால் எது எது என்று குழம்பாது.

## பைசெக்ட் காட்டியது இயல்புநிலையை மாற்றிய கமிட்டாக இருந்தால்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கிட் 2.26 வயர் புரோட்டோகால் 2-ஐ இயல்பாக்கியது. புகார்கள் வர, 2.27-இல் 0-க்கே திரும்பினார்கள், 2.28-இல் மறுபடி 2. அந்தக் காலத்தில் ஒரு ஃபெட்ச் பழுதை பைசெக்ட் செய்தால் விடை பெரும்பாலும் "இயல்பை 2 ஆக்கிய" கமிட்டில் போய் நிற்கும். அந்தக் கமிட் விசையைத் தட்டியது, அவ்வளவுதான். பழுது அதற்கு வெகு முன்பே, யாரும் அவ்வளவாகப் பயன்படுத்தாத பாதையில் படுத்திருக்கும்.

அப்போது இரண்டாவது சுற்று: சோதனைக் கட்டளையில் "-சி புரோட்டோகால்.வெர்ஷன்=2" என்று வெளிப்படையாகக் கொடுத்து, இன்னும் பழைய பதிப்பிலிருந்து பைசெக்ட் செய்யுங்கள். ரீபேஸுக்கு "--மெர்ஜ்", மெர்ஜுக்கு "-எஸ் ஆர்ட்" என்று இதே உத்தி. அந்த வசதி அறிமுகமான பதிப்பிலேயே பழுது இருந்தால் அதற்கு "நல்ல" முனையே கிடையாது. அது ரிக்ரெஷன் அல்ல, பிறவிக் கோளாறு. பைசெக்டை விட்டுவிட்டு நேராகக் குறிமுறையைப் படிக்க வேண்டியதுதான்.

விடை ஒரு மெர்ஜ் கமிட்டாக இருந்தால், இரு கிளையும் தனித்தனியே நலம், சேர்ந்தபோது உடைந்தது என்று பொருள்; "--ஃபர்ஸ்ட்-பேரண்ட்" கொடுத்து ஓட்டியிருந்தால் மட்டும் அந்தக் கிளைக்குள் இன்னொரு சுற்று வேண்டும்.

## கமிட் கிடைத்த பிறகு

கெட்ட பதிப்பின் மீது அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்து, பில்ட் செய்து, ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். 0 வந்தால் குற்றம் உறுதி. ரிவர்ட் மோதினால் அதன் மீது வேறு மாற்றங்கள் கட்டப்பட்டுவிட்டன. கமிட்டின் தாயிலும் கமிட்டிலும் ஸ்கிரிப்டை ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். "கிட் டேக் --கன்டெய்ன்ஸ்" எந்தெந்த வெளியீடுகள் பாதிக்கப்பட்டவை என்று சொல்லும். மாஸ்டர் கிளையிலும் ஒருமுறை பில்ட் செய்து ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே திருத்தியிருந்தால் புகார் எழுதும் வேலை மிச்சம்.

திருத்தவில்லை என்றால் "கிட் பக்ரிப்போர்ட்" (2.27 முதல்) கணினி விவரமும் இயங்கும் ஹுக்குகளின் பட்டியலும் நிரப்பிய ஒரு உரைக் கோப்பைத் தரும். அதில் எதிர்பார்த்தது, நடந்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றை எழுதி, சுருக்கிய சோதனை ஸ்கிரிப்டையும் பைசெக்ட் லாக்கையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் நிறுவன ரெப்போ இல்லாமல், "கிட் இனிட்"-இல் தொடங்கி பழுதில் முடியும் ஸ்கிரிப்டாக இருந்தால் படிப்பவர் உடனே ஓட்டிப் பார்ப்பார்.

திருத்தம் வரும்வரை பேக்கேஜை "ஆப்ட்-மார்க் ஹோல்டு" போட்டு நிறுத்தலாம். தவிர்க்க நினைக்கும் பதிப்பு பாதுகாப்பு வெளியீடாக இருந்தால் மட்டும் வேண்டாம். அங்கே பழுதான அந்த ஒரு நடத்தையை மட்டும் அணைக்கும் கான்ஃபிக் விசையைத் தேடிப் போடுங்கள். போட்ட வரிக்கு மேலே எந்தப் பதிப்பு வந்ததும் இதை நீக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதிவிடுங்கள்.